எட்டு மில்லிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

5.8. ஸ்கேன் எடுத்த பெண் எண்ணைச் சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வாரமாக வேளை தவறாமல் மாத்திரை போட்டும் கருப்பையின் உள்படலம் அவ்வளவுதான் வளர்ந்திருக்கிறது. குறைந்தது ஏழு மில்லிமீட்டர் வேண்டும் என்கிறார் டாக்டர். உறைய வைத்ததில் எங்களுக்கு மிச்சம் ஒரே ஒரு கரு.

"ஏழுக்குக் கீழேயும் தங்குறது உண்டும்மா. ஆனா வாய்ப்பு குறைவு. இருக்கறது ஒண்ணு, அவசரப்பட வேணாம்."

இந்த மாதம் கிடையாது.

மார்ச் 5

ஏன் வளரவில்லை என்று நேற்று கேட்காமல் வந்துவிட்டேன். இன்று போனில் கேட்டேன். முன்பு கரு கலைந்தபோது இரண்டு முறை சுத்தம் செய்தார்களே, அதில் தழும்பு விழுந்திருக்கலாமாம். போனதுகள் போகும்போது கதவையும் சாத்திவிட்டுப் போயினவா? சே, என்ன எழுதுகிறேன். அதுகள் என்ன செய்யும்.

ஏப்ரல் 3, வியாழன்

6.2. மாத்திரையைக் கூட்டியும் இவ்வளவுதான். இந்த முறை டாக்டர் முடிவை எங்களிடமே விட்டார். வைத்துவிடலாம் என்றார் இவர். நான்தான் பொறுப்போம் என்றேன்.

ஏப்ரல் 9

பிளைவுட் கடையில் பில் போடுகிறவளுக்கு நாள் முழுக்க மில்லிமீட்டர்தான் பேச்சு. இன்று ஒரு தச்சர் ஆறு எம்எம் பலகையை வளைத்துப் பார்த்துவிட்டு, "இது தாங்காதுக்கா, எட்டு குடுங்க" என்றார். குடோனுக்குள் போய் அடுக்குகளுக்கு நடுவே நின்று அழுதேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்ட முதலாளியிடம் தூசி என்றேன். மரத்தூள் பறக்கிற கடையில் அது ஒரு வசதி.

மே 5, திங்கள்

8.1!

அருமையான படலம் என்று டாக்டரே சொன்னார். திரையில் மூன்று கோடாகத் தெரிந்ததை இவர் எட்டி எட்டிப் பார்த்தார். வீட்டில் மாமியார், எட்டு என்றால் என்ன என்று கேட்டு, நான் சொன்னது பாதி புரிந்தும் புரியாமலும் என் தலையைத் தடவினார். கரு தங்க இன்றிலிருந்து தினமும் ஊசி. சனிக்கிழமை கரு வைக்கிறார்கள். பத்து நாள் லீவு சொல்லியாயிற்று. சந்தோஷமாக இருக்கிறேன். எழுதவே பயமாக இருக்கிறது.

மே 10, சனி

உடை மாற்றிப் படுத்திருந்தேன். லேபிலிருந்து வந்தவர் டாக்டரிடம் மெல்லப் பேசினார். உறைவிலிருந்து எடுத்த கரு பிழைக்கவில்லை. எப்போதாவது அப்படி ஆகிவிடுமாம்.

ஏப்ரலில் எடுத்திருந்தால்? கேட்டுவிட்டேன். அப்போதும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றார். உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா?

வரும் வழியெல்லாம் இவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மே 12

லீவு வேணாம்னு சொல்லிட்டேன். வீட்ல படுத்துட்டு என்ன பண்றது — எதைக் காப்பாத்தறது?

மே 15, வியாழன்

ஊசியை நிறுத்தி ஐந்தாம் நாள். நிறுத்தினால் படலம் உதிர்ந்து மாதவிலக்காகும் என்றிருந்தார்கள். காலையிலேயே தொடங்கிவிட்டது. இத்தனை வருஷமாகப் பேருக்கு இரண்டு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இன்று நிற்கவே இல்லை. கடைக்குப் போகாமல் குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். இவர் கதவைத் தட்டி, "என்னம்மா, ரொம்பப் போகுதா?" என்று கேட்டார்.

"நல்லா வளர்ந்திருந்துதுங்க" என்றேன்.