றமணன் வீட்டு உபயம்

கோலியர்ஸ் வுட், லண்டன்
வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கை யசோதினிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். உன்னிடம் நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனில் நீ அழுதால் நான் இளகிவிடுவேன் என்பதால்தான் கடிதம்.

ஹோட்டல் வேலை என்று சொல்லி உன் மகன் யதுசனை ரஷ்யாவுக்கு ஏற்றி, ராணுவ உடுப்பைப் போட்டுப் போர்முனைக்கு அனுப்பிய அந்த றமணனை, என் வாக்குமூலத்தை வைத்து இங்குள்ள அரசு தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இனி அவன் காசை இந்த நாட்டில் யாரும் தொட முடியாது.

உன் அத்தானுக்கு இதில் திருப்தியில்லை. இவ்வளவு பெரிய ரஷ்யா, நாலு பேரின்ரை பாங்க் கணக்கை மூடினால் பயப்பிடுமோ என்று டிவியைப் பார்த்துக் கத்துகிறார். பயப்படாதுதான். ஆனால் அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன் பயப்படுவான். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

இங்கே கோயிலில் தேர்த் திருவிழா எப்போதும் றமணன் வீட்டு உபயம். இம்முறை அந்தக் காசை வாங்கினால் கோயில் கணக்குக்கே ஆபத்து என்று நிர்வாகம் திருப்பிக் கொடுத்துவிட்டது. பட்டும் நகையுமாக முன்னால் நிற்கும் அவன் தாய் பாலாம்பிகை கடைசி வரிசையில் நின்றாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது, யசோ. பாவம் என்று ஒரு துளியும் நினைக்கவில்லை.

மறுநாள் அவன் தம்பி டினேஷ் வட லண்டன் எட்மண்டனிலிருந்து வந்தான். வாக்குமூலத்தை வாபஸ் வாங்கினால் யதுசனை ஊருக்கு அனுப்புவார்களாம். இதையேதான் உனக்கும் சொல்லி, உன்னை என்னிடம் கெஞ்ச வைத்திருக்கிறான். பிள்ளையின் குரலை ஒருமுறை கேட்க வை என்றேன். அது இப்ப ஏலாது அக்கா, முதலிலை நீங்கள் வாபஸ் வாங்குங்கோ என்றான். மன்னாரில் இரண்டு குடும்பங்கள் இப்படித்தான் நம்பி வாயை மூடின. பிள்ளைகள் வரவில்லை. றமணன் இன்னும் பல பேரை ஏற்றினான்.

நான் வாபஸ் வாங்க மாட்டேன். நீ என்னைத் திட்டு, கதைக்காமல் இரு, ஆனால் இதை மட்டும் கேட்காதே.

அந்தத் தேர் உபயத்தை நாங்கள்தான் எடுத்தோம். யாருடைய பெயருக்கு அர்ச்சனை என்று தேரன்று ஐயர் கேட்டார். யதுசன், சுவாதி நட்சத்திரம் என்றேன். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அப்படிச் சொல்வது. பாலாம்பிகைக்குக் கேட்கும்படி உரத்துச் சொல்லுங்கோ ஐயா என்றேன். சொன்னார்.

பிள்ளை செத்துவிட்டான் என்று அந்தியேட்டிச் சடங்குக்கு நாள் பார்க்கச் சொல்லும் சொந்தக்காரரை வாசலோடு அனுப்பிவிடு. யதுசன் ஒருநாள் என் முன்னால் வந்து நின்று, என்னை விட்டிட்டு ஏன் பெரியம்மா பிடிவாதம் பிடிச்சனீங்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வாங்கும் பாக்கியத்தை அம்மாள் எனக்குத் தரட்டும். உன்னையும் அவளே காக்கட்டும்.

உன் அக்கா,
சுசிலா