தியாகலிங்கத்தாரின் நற்சாட்சிப் பத்திரம்

நாரந்தனை
14.2.1967

அன்புள்ள மகள் கமலாதேவிக்கு,

நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இருமல் மட்டும் இன்னும் போகவில்லை. உன் சுகத்தை நீ எழுதினால்தான் நம்புவேன். ஒரு கேள்வி, எனக்குப் பதில் தெரியாது: ஒருவரை 'ஒனெஸ்ட்' என்று எழுத அவரைப்பற்றி எவ்வளவு தெரிந்திருக்கவேண்டும்? நேர்மையான என்று இருபது வருடம் ஆங்கில வகுப்பில் பிள்ளைகளுக்குப் பொருள் சொன்னேன். நற்சாட்சிப் பத்திரம் கேட்டவர்களுக்கெல்லாம் யோசியாமல் எழுதியும் கொடுத்தேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கும் தியாகலிங்கத்தாரை உனக்கு ஞாபகமிருக்கும். ஆட்குறைப்பில் அவருக்கு வேலை போய்விட்டது. மூன்று பெண்பிள்ளைகள். குருநாகலில் ஒரு கடையில் நிறுவை வேலை இருக்கிறதாம், முதலாளி ஆங்கிலத்தில் பத்திரம் கேட்கிறாராம், நாளை மத்தியான பஸ்ஸில் போகவேண்டும். நேரம் தவறாதவர், உழைப்பாளி என்றெல்லாம் எழுதிக்கொடுத்தேன், அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டேன். "அந்தாள் நிறுத்தால் பெருவிரலும் சேர்ந்துதான் நிறுபடும்" என்று பக்கத்து வளவு அன்னபூரணம் சொல்லித் திரிந்தது காதில் கிடந்தது.

இன்று பின்னேரம் அவர் திரும்பி வந்தார். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் முந்திய வேலையில் கிடைத்த பழைய பத்திரத்தைப் பதினைந்து வருடமாக வைத்திருக்கிறார். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து, "கதிரை மாதிரி ஒரு எழுத்திலை துடங்குமே, அந்தச் சொல்லு இதிலை இல்லை, ரீச்சர்" என்றார். ஒனெஸ்ட்டின் முதலெழுத்தான சின்ன எச், முதுகுச் சாய்வும் காலுமாகக் கதிரைபோலத்தான் இருக்கிறது, நான் கவனித்ததில்லை. மழுப்ப மனம் வரவில்லை, கேள்விப்பட்டதைச் சொன்னேன். "நீங்கள் கண்டனீங்களோ?" என்றார். இல்லை என்றேன். "ஒருக்கால் எண்டாலும் நிறுத்துப் பாத்தனீங்களோ?" அதுவும் இல்லை. "அப்ப பெருவிரலை இஞ்சை வைச்சிட்டுப் போகட்டோ?" என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு, நான் எழுதியதை மேசையிலேயே விட்டுப் போனார். ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதே என்று உன்னை வளர்த்தவள் நான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அப்பா உனக்காக அர்ச்சனை செய்தார். என் பங்குக்கு, நன்றாக இரு என்று வாழ்த்துகிறேன். அவருடைய இருமலுக்கு நீ சொன்ன மருந்தின் பெயரை மறக்காமல் எழுது.

அன்புள்ள அம்மா,
சறோஜினிதேவி

15ஆம் திகதி, தபாற்கந்தோர் மேசையிலிருந்து: போன கிழமை, வேலை போகுமுன், அவர் கட்டித்தந்து இன்னும் பிரிக்காத இரண்டு இறாத்தல் சீனிப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுவந்து இங்கே தபால் தராசில் நிறுத்தேன். இரண்டு இறாத்தலும் அரை அவுன்சும். அரை அவுன்ஸ் தாளுக்குப் போகட்டும். ஒரு பொட்டலம் பெரிய சாட்சி இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைச் சேர்த்துப் புதிதாக எழுதி, பஸ் தரிப்பிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். கதிரை எழுத்தைத் தேடிப்பிடித்து விரலை வைத்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பஸ்ஸில் ஏறிப் போனார்.