பரண்மேல் உன் பாட்டில்கள்

இன்று காலை உன் அம்மா பரணைத் துடைக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டூலில் ஏறிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தேன். ஒன்றின் மூடி சரியாகத் திருகாமல் இருந்திருக்கிறது. கையில் எடுத்ததும் சிந்தி, என் சட்டையெல்லாம் ஆற்று நாற்றம். சேறும் எண்ணெயும் அழுகின முட்டையும் கலந்த அதே நாற்றம்தான். கீழே நின்ற உன் அம்மா மூக்கைக்கூட மூடவில்லை. "பாத்து எறக்கு கண்ணு, அது கோவிந்தம்மா அக்கா குட்த்தது" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாளைக்குக் காலேஜ் திறக்கிறார்கள். உன்னிடம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்லாம் பிளஸ் டூ பிராக்டிகலில் ஆரம்பித்ததுதானே. உனக்கு வந்த உப்பைச் சூடாக்கியதும், லிட்மஸ் தாள் நிறம் மாறுவதற்குள், அம்மோனியம் என்று எழுதிவிட்டாய். வெளியூர் எக்ஸாமினர் ஆச்சரியப்பட்டுப் போனார். உரக் கம்பெனிப் பக்கத்தில் வளர்ந்த எண்ணூர்ப் பிள்ளைக்கு அந்த நெடியை யாராவது புதிதாகக் காட்டித்தர வேண்டுமா என்ன! ஆனால் விஷயம் நம் காத்திவாக்கம் வந்து சேர்வதற்குள் கை கால் முளைத்துவிட்டது. அந்தப் பொண்ணு மோந்து பார்த்தே எந்த மருந்தென்று சொல்லிவிடும் என்று தெருவெல்லாம் பேச்சு.

அப்புறம் பாட்டில்கள் வர ஆரம்பித்தன. ஆற்றில் இறங்கி கையால் இறால் தடவுகிற அக்காமார்கள், கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். "எறங்கினா கை அரிக்குதுமா, இறா செத்து மெதக்குது. இதுல இன்னா கலந்துகினு கீதுன்னு பாத்து சொல்லு." நீ காலேஜ் வாசலைக்கூட மிதித்ததில்லை. தெரியாது என்று சொல்லித் தொலையேன் என்று நான் உன் இடுப்பில் குத்தினேன். நீயோ டேப்பைக் கிழித்து அவர்கள் பேரை எழுதி ஒட்டி, பாட்டிலைப் பரணில் ஏற்றினாய். "காலேஜ்ல லேப் இருக்கும்கா. சேந்ததும் பாத்து சொல்றேன்." அவர்கள் போனதும் என்னை முறைத்தாய். "நம்பி வராங்கடி. எப்டி இல்லன்னு சொல்றது?"

கடற்கரையில் அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் கருங்கல்மேல் உட்கார்ந்து படிப்போமே, நினைவிருக்கிறதா? திடீரென்று ஏதாவது ஒரு நெடி வரும். நீ கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் இழுப்பாய். நான் துப்பட்டா முனையைத் தூக்கிப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பேன். அங்கேதான் நமக்குள் பங்கு பிரித்தாய். "எது வந்துதுன்னு நான் பாக்கறேன். எங்கேர்ந்து, எப்டி வந்துதுன்னு நீ பாரு. ரெண்டும் சேந்தாதான்டி கம்பெனிக்காரன நிக்க வெச்சி கேள்வி கேக்க முடியும்." உனக்குக் கெமிஸ்ட்ரி, எனக்குப் பிசிக்ஸ். ஒரே காலேஜ், ஒரே பஸ்.

கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் என் நைனாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "கெமிஸ்ட்ரின்னா கம்பெனிங்க கீது. பிசிக்ஸ் படிச்சிட்டு இன்னாமா பண்ணுவா?" என்று உன்னிடம் கேட்டார். "உங்க கிரேன் ஏன் கவுறாம நிக்குதுன்னு உங்களுக்கே சொல்லித் தருவா மாமா" என்றாய். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் என் டிகிரி முடிவாகிவிட்டது என்று நம்பினேன்.

ரிசல்ட்டுக்கு முன்னாலேயே எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு லாரி உன்னை எங்களிடமிருந்து பறித்துக்கொண்டது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியாது.

கவுன்சிலிங்குக்கு முதல் நாள் உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "நீயாவது கெமிஸ்ட்ரி எடு கண்ணு. அவ எடம் காலியா கீது, நீ குந்திக்கோ. வாங்கி வெச்ச பாட்டிலு எல்லாம் அப்டியே கீது" என்றார்கள். நைனா தலையாட்டினார். அவர்கள் போனபிறகு கண்ணாடி முன்னால் நின்று கெமிஸ்ட்ரி என்று சொல்லிப் பார்த்தேன், பிசிக்ஸ் என்று சொல்லிப் பார்த்தேன். மாடிக்கு ஏறினேன், இறங்கினேன், சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டேன். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. வாக்குக் கொடுத்தது நீ, மாட்டிக்கொண்டது நான்.

மறுநாள் காலேஜில் என் பேரைக் கூப்பிட்டார்கள். "ரெண்டிலும் சீட் இருக்கும்மா. எது வேணும்?" என்று மேடம் கேட்டார். பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது, உன்னுடைய பதில். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தூரத்துச் சிம்னிப் புகை சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. என்னை அறியாமல் கை துப்பட்டா முனையைப் பிடித்தது. பிசிக்ஸ் என்று சொல்லிவிட்டேன். உன் இடத்தில் நான் உட்கார்ந்தால் என் இடத்தில் யார் உட்காருவது? உன் வேலையையும் அரைகுறையாகச் செய்து, என் வேலையையும் விட்டுவிட்டு நிற்பேன். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.

உன் அம்மாவிடம் அதைச் சொல்லும் தைரியம் இன்றைக்குத்தான் வந்தது. கடைசிப் பாட்டிலை இறக்கியதும் சொல்லிவிட்டேன். அவர்கள் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. பிறகு கேட்டார்கள்: "அப்ப இத்த யாரு பாக்கிறது?"

"கெமிஸ்ட்ரி கிளாஸ்ல ஒருத்திய புடிச்சி பாக்கச் சொல்றேன் அத்தை. ஆனா இந்தத் தண்ணி ஆவாது. இத்தன மாசத்துல கெட்டுப் போயிருக்கும். இப்ப பாத்தா ஒண்ணுமே தெரியாது. புதுசா புடிக்கணும்."

நீ சேர்த்து வைத்ததை வீண் என்று சொல்லிவிட்டேனே! உன் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் முன்னால் நடந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று, அந்த ஆற்றுத் தண்ணீரையே கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் நிரப்பினார்கள். "அவ இப்டிதான் அலச சொல்லுவா" என்றார்கள். நான் டேப்பைக் கிழித்து, யார் பேரை எழுதுவது என்று கேட்டேன். "அவ பேரயே எழுது."

எழுதிவிட்டேன். என் எழுத்தில் உன் பேர் கோணலாக இருக்கிறது.

பாட்டில் இப்போது என் காலேஜ் பைக்குள் இருக்கிறது. கசிகிறதா என்று மூடியைத் திரும்பத் திரும்ப இறுக்கிப் பார்க்கிறேன். நாளைக்கு என் வகுப்புக்குப் போகும் முன்னால் கெமிஸ்ட்ரி வகுப்பு வாசலில் நிற்பேன். யார் இந்த மூடியைத் திறந்து, முகத்தைச் சுளிக்காமல் இன்னொரு தடவை மோந்து பார்க்கிறாளோ, அவளிடம் கொடுப்பேன். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. இப்போதே அவளைப் பிடிக்கவில்லை.