படத்தில் இல்லாத தங்கச்சி

போன வாரம் அவனியாபுரம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்றின் முதுகில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரில் தாடிக்காரனைப் பார்த்தேன். நம் தாடிக்காரனேதான். எழுபது வயதைத் தாண்டியிருப்பான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, கம்ப்யூட்டரில் இஸ்திரி போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. தோளில் அதே கயிற்றுச் சுருள். 'மீண்டும் வருகிறான்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இவனை யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆட்டோ சிக்னலைத் தாண்டும் வரை முறைத்துக்கொண்டே நின்றேன். பிறகு உன் மகளுக்குப் போன் செய்தேன்.

"நானே கூப்புடணும்னு இருந்தேன் பெரியம்மா," என்றாள். "சனிக்கிழமை மேட்னிக்குப் போவோம். அம்மா இருந்தா விட்டுருவாங்களா?"

விட்டிருக்க மாட்டாய். நீ போய் இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு நான் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை.

நாம் ஏன் இங்கிலீஷ் படமாகத் தேடிப் போனோம் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. தமிழ்ப் படத்துக்குப் போனால் பரவையிலிருந்து வந்த சொந்தக்காரர் எவராவது பார்த்துவிடுவார். கல்யாணமான சில மாதத்தில் என் புருஷன் பம்பாய்க்கு வேலைக்குப் போய், இரண்டு கடிதத்தோடு நின்றுபோனான். அவன் பெண்டாட்டி நிறைவயிற்றோடு படம் பார்க்கிறாள் என்று பேச ஆயிரம் வாய் காத்திருந்தது. நீ அடுத்த வீட்டுக்காரி, மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். "இங்கிலீஷ் படத்துக்கு உங்க சித்தப்பா வர மாட்டாரு, கிளம்புடி," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய்.

பெண்கள் பகுதியில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பாதிப் பேர் ஃபேன் காற்றுக்காக வந்து உட்காரும் பூக்காரிகள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை. "டீச்சரம்மா, என்ன சொல்றான்?" என்று ஒருத்தி கேட்டதும் நீ தொண்டையைச் செருமிக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தாய். மிஷன் பள்ளி டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியாமலா இருக்கும்? யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான். கதாநாயகனின் பெயர் நாக்கில் நிற்காததால் அவன் தாடிக்காரன் ஆனான். அவனுடன் திரியும் ஒல்லியான ஆள் சின்னவன் ஆனான். "சின்னவன் வேற யாருமில்ல, தாடிக்காரனோட தங்கச்சி புருசன்," என்றாய்.

குகை, கயிற்றுப்பாலம், புதையல், துப்பாக்கி. படம் முழுக்கப் பொம்பளை வாசனையே கிடையாது. ஆனால் நம் வரிசைக்கு மட்டும் ஒரு தங்கச்சி இருந்தாள். "அந்தப் புள்ள எங்க இருக்கு?" என்று பூக்காரிகள் கேட்டார்கள். "ஊர்ல மாசமா இருக்கா," என்றாய். இரண்டாம் பாகம் வந்தபோது, "பிள்ளை நடக்குதாம்," என்றாய். என் மகன் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாம் பாகத்தில் குகைக்குள் வெள்ளம் வந்தது. சின்னவனைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. மேலே நின்று தாடிக்காரன் தொண்டை கிழியக் கத்துகிறான். "என் தங்கச்சிகிட்ட நான் என்னத்தடா சொல்லுவேன்னு கத்துறான்," என்றாய். பூக்காரிகள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள். கடைசியில் தாடிக்காரன் தனியாகக் குதிரையில் போனான்.

"தங்கச்சி வீட்டுக்குத்தான் போறான். அவ அழுவா. அழுது முடிச்சுட்டு எந்திரிச்சு வேலையப் பாப்பா. இனிமே வாசலப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டா."

இதைச் சொன்னபோது நீ திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அடுத்த திங்கட்கிழமை பரவை மார்க்கெட்டில் அப்பாவின் தக்காளிக் கடையில் போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தபால்காரருக்காக நான் வாசலில் நின்றதில்லை. அந்த மனுஷன் பம்பாயில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறான் என்று பல வருடம் கழித்துத் தெரிய வந்தபோது, அடுப்பில் இருந்த குழம்பைக்கூட நான் இறக்கி வைக்கவில்லை.

இந்தப் புதுப் படத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது எல்லாம் தமிழிலேயே பேசுகிறார்கள். ஆரம்பத்தில் பழைய குகைக் காட்சியைக் காட்டினார்கள். தாடிக்காரன் கத்தினான். "கயிற்றைப் பிடி! கயிற்றைப் பிடி!" அவ்வளவுதான். தங்கச்சி இல்லை, ஒன்றும் இல்லை. நான் உன் மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அம்மா சொல்லிருக்காங்க பெரியம்மா," என்றாள் மெதுவாக. "அவன் மூக்கால பேசுறது ஒரு வரிகூட வெளங்கலயாம். உங்களுக்காகத்தான் அந்தத் தங்கச்சிய உள்ள கொண்டாந்தாங்களாம்."

முப்பது வருடம் என்னிடம் மூச்சு விடவில்லையே, அழுத்தக்காரி. உன்னோடு சண்டை போட நீ இல்லை என்பது அந்த நிமிடம் மறுபடியும் புதிதாக வலித்தது.

அதோடு விட்டார்களா? இடைவேளைக்குப் பிறகு சின்னவன் வந்து நிற்கிறான். உயிரோடு! குகைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் இத்தனை காலம் சுகமாக இருந்தானாம். முகமெல்லாம் சிரிப்பு. "கொஞ்சம் லேட்டாயிடுச்சு, நண்பா," என்கிறான். தியேட்டரே விசிலடித்தது. எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. முப்பது வருடம்! வீட்டில் ஒருத்தி பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, தலை நரைத்து நிற்கிறாள். எங்கே இருந்தாய், ஏன் வரவில்லை என்று கேட்க அந்தப் படத்தில் ஒரு நாதி இல்லை. படம் எடுத்தவர்களுக்குச் சொல்லக் கதை தீர்ந்துபோனது. பழைய பாசத்தைக் கிளறினால் கூட்டம் வரும் என்று செத்தவனைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அழுதவர்களை எல்லாம் கிறுக்கச்சிகள் என்று நினைத்தார்களா? செத்தவர்களைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வழி இருந்தால், அவனையா கொண்டுவருவது? என் இடப்பக்கத்து சீட் காலியாகத்தான் கிடந்தது.

"இம்புட்டு நாளா எங்கடா போயிருந்த?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். முன் வரிசைப் பெண் திரும்பி, "ஆன்ட்டி, ப்ளீஸ்," என்றாள். உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது அப்படியே நீதான்.

படம் முடிகிற நேரம். கிழவர்கள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு ஏதோ ஒரு ஊரைப் பார்த்து நடக்கிறார்கள். உன் மகள் என் பக்கம் சாய்ந்தாள்.

"இப்ப சின்னவன் எங்க போறான் பெரியம்மா?"

அந்தப் பூக்காரிகள் கேட்ட அதே குரல். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தங்கச்சி வீட்டுக்குத்தான் போறான்."

"கதவத் தட்டுறானா?"

"தட்டுறான். தட்டிக்கிட்டே நிக்கிறான்."

முன் வரிசைப் பெண் இந்த முறை அதட்டவில்லை. தலையை லேசாகத் திருப்பிக் காது கொடுத்தாள். "அவ தொறக்கலயா?" என்றாள் உன் மகள்.

"கதவு பூட்டியிருக்கு. அவ மார்க்கெட்டுக்குப் போயிட்டா."