குளக்கட்டு வளைவில் நின்ற வண்டி

அண்ணை,

நேற்றுக் காலை என் மகன் தன்னுடைய ஸ்னோமொபைலில் என்னை ஏறி இருக்கச் சொன்னான். ஓட்டிப் போவதற்கு இல்லை, அளவெடுக்க. பனிக்கு மேலே ஓடுகிற இந்த வண்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னுக்கு அகலமான ஒரு ரப்பர் பட்டி, மேலே மோட்டார்சைக்கிள் மாதிரி நீள இருக்கை. கராஜுக்குள் கிறீஸ் மணம். வெளியே முழங்காலளவு பனி.

"அம்மா, ஆடாமல் இருங்கோ. உங்களைப் பின்னால ஏத்தினா முன்பக்கம் எழும்பி நிக்குது. வளைவில ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரதான் போகும்" என்றான். அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிலத்தில் படுத்தான். பட்டிக்குள் இருந்த ஒரு வாரை ஒரு துளை இழுத்துக் கட்டினான். முன் ஸ்பிரிங் இரண்டையும் ஒவ்வொரு சுற்று இறுக்கினான்.

"முன்னுக்குப் பாரம் வைக்காமல் எப்பிடியடா திரும்பும்?" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவன் படுத்தபடியே தலையை நீட்டினான். "இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்னது?"

இறங்கி உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தேன். அடுப்பை மூட்ட மறந்து கேத்திலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னவர் நீங்கள். போன மாதம் உங்கள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பா போயிட்டாரு மிஸ் என்று சொன்ன நாள் தொடக்கம் எனக்குள் வேறு கதை ஓடவில்லை.

வன்னியில், தருமபுரத்துக்கு உள்ளே அந்தக் குடியேற்றத்தில் நான் பிரசவம் பார்க்கிற மருத்துவமாதுவாக இருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த என்னிடம் ஒரு சைக்கிளும் ஒரு தோல் பையும் இருந்தன. உங்களிடம் ஒரு லான்ட்மாஸ்டரும் பெட்டியும் இருந்தன. வயல் உழுகிற அந்த இரண்டு சக்கர இயந்திரத்தின் பின்னால் பெட்டியைக் கொழுவி நெல்லு ஏற்றுவீர்கள், விறகு ஏற்றுவீர்கள், யாருக்காவது வலி வந்தால் அவர்களையும் ஏற்றுவீர்கள். டீசல் இல்லாத நாட்கள். மண்ணெண்ணெயில் ஏதோ எண்ணெயைக் கலந்து ஊற்றுவீர்கள். வண்டி வருமுன் அதன் புகை வந்துவிடும்.

அந்தப் பெட்டிக்கு ஸ்பிரிங் என்று ஒன்றும் கிடையாது. ஒரு முறை வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தியுடன் நானும் ஏறி வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் உங்களைப் பிடித்து ஏசினேன். "இது மனுசரை ஏத்துற வண்டியோ, கல்லுக் கொட்டுற வண்டியோ? அந்தப் பிள்ளை வயித்துக்குள்ளயே அவலாய்ப் போயிருக்கும்!" நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "செஞ்சிருவோம் மிஸ்" என்றீர்கள். அவ்வளவுதான் உங்கள் பேச்சு.

பத்து நாளில் பழைய கார் ஒன்றின் ஸ்பிரிங் பட்டைகளை எங்கேயோ கழற்றி வந்து பெட்டிக்குப் பூட்டிவிட்டீர்கள். அதோடு விட்டீர்களா? சருவக்குடம் நிறையத் தண்ணீர் அள்ளிப் பெட்டியின் நடுவில் வைத்தீர்கள். "மிஸ், ஒரு தடவ ஏறி ஒக்காருங்க. ஆள் பாரத்துக்குத்தான் ஸ்பிரிங்கு வைக்கணும்." நானும் குடையைப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்தேன். குளக்கட்டில் ஏறி, மதகு இருக்கிற துருசடி வளைவில் திரும்பி வந்தபோது குடத்தில் பாதித் தண்ணீர் என் சீலையில் இருந்தது.

ஒரு பட்டையைக் கழற்றினீர்கள். மேடு பள்ளத்தில் மெத்தென்று போனது, வளைவில் பெட்டி ஒருபக்கம் சரிந்தது. கழற்றியதைத் திரும்பப் போட்டு, பட்டைகளுக்கு நடுவில் டயர்த் துண்டுகளை வைத்து இறுக்கினீர்கள். மறுபடி குடம், மறுபடி நான். வயலில் நின்ற பெண்கள், "மிஸ்ஸுக்குத் தேர்த் திருவிழா! வடம் பிடிக்க நாங்களும் வரட்டோ?" என்று கத்திச் சிரித்தார்கள். நாலாவது ஓட்டத்திலும் தண்ணீர் சிந்தியது. அப்போதுதான் குடத்தையும் என்னையும் முன்பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். ஐந்தாவது ஓட்டத்தில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"பட்டை மட்டும் போதாது மிஸ். பாரம் பின்னால போனா மூக்கு பேச்சுக் கேக்காது. மூக்குல பாரம் இருக்கணும். அப்பத்தான் வளைவுல திரும்பும்."

மலைப்பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினவர் நீங்கள். கலவரத்தில் வீடு வாசலை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கின சனத்தில் ஒருவர். வன்னியில் ஏது வளைவு என்று நான் கிண்டலடித்தபோது, "ஒரே ஒரு வளைவு போதும் மிஸ், ஆளக் கவுக்க" என்றீர்கள். உங்களை நான் டிரைவர் என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஊரில் வேறு யாராக இருந்தாலும் அண்ணை என்றிருப்பேன். அது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மாரியில் நானே பிள்ளைத்தாய்ச்சி. இவர் வவுனியாவுக்குப் போன இடத்தில் சண்டையில் பாதை பூட்டி அங்கேயே அகப்பட்டுவிட்டார். எட்டாம் மாதம் ஒரு விடியற்காலை எழும்பிப் பார்த்தால் பாயெல்லாம் இரத்தம். வலி இல்லாத இரத்தம். எத்தனை தாய்மாருக்கு நான் சொல்லிக் கொடுத்த விஷயம்! நச்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறித்திருக்கிறது, வெட்டித்தான் எடுக்கவேண்டும், சுணங்கினால் இரண்டு உயிரும் போகும். இப்படி ஒருத்தி என் கையிலேயே போயிருந்தாள். ஆகவே எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: வேகமாகப் போகவேண்டும்.

நீங்களும் உங்கள் மனைவியும் வந்தீர்கள். மெத்தையை எங்கே போடுவது என்று நீங்கள் சொல்ல வாயெடுக்க, நான் விடவில்லை. "பின்னுக்குப் போடுங்கோ, இறக்க லேசு" என்று நானே அதிகாரம் பண்ணினேன். என்னோடு இருந்த மாமி என் தலைமாட்டில், உங்கள் மனைவி கால்மாட்டில், உடுப்புப் பெட்டி அதற்கும் பின்னால். எல்லாப் பாரமும் பின்னுக்கு.

குளக்கட்டில் ஏறியதும், துருசடி வளைவுக்கு முன்னால், நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். மழை பெய்து களிமண் வழுக்கியது. ஒரு பக்கம் நிறைந்த குளம், மறு பக்கம் இரண்டாள் உயரப் பள்ளம்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்? எடுங்கோ வண்டியை!"

"ரெண்டு நிமிசம் மிஸ். மூக்கு தூக்குது. இப்பிடியே திருப்பினா நேரா கொளத்துக்குள்ள போயிரும்."

உடுப்புப் பெட்டியைத் தூக்கி முன்னுக்கு வைத்தீர்கள். மாமியை இறக்கி முன்னுக்கு ஏற்றினீர்கள். நீங்களும் மனைவியும் மெத்தையை என்னோடு சேர்த்து அங்குலம் அங்குலமாக முன்னே இழுத்தீர்கள். பிறகு குனிந்து, பள்ளத்துப் பக்க ஸ்பிரிங்குக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து அடிக்கத் தொடங்கினீர்கள். டொக், டொக் என்று ஒவ்வொரு அடியும் என் தலைக்குள் விழுந்தது. தொடை வழியே சூடாக வழிந்துகொண்டிருந்தது.

அப்போது சொன்னேன். அந்தச் சொல்லை இங்கே எழுதாமல் விட்டால் இரண்டாம் தரமும் ஒளித்ததாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

"இந்தத் தோட்டக்காட்டானை நம்பி ஏறினது என்ரை பிழை!"

அடிக்கிற சத்தம் நின்றது. உங்கள் மனைவியின் கை என் நெற்றியில் இருந்தது. அந்தக் கையும் ஒரு கணம் அசையவில்லை. பிறகு அவா பழையபடி என் வியர்வையைத் துடைத்தா. நீங்கள் இன்னும் இரண்டு அடி அடித்து, கட்டையை அசைத்துப் பார்த்து, போய் வண்டியை எடுத்தீர்கள். வளைவில் பெட்டி சரியவில்லை.

என்னை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்தோம்.

வலியில் சொன்னது, பயத்தில் சொன்னது என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அது பொய். பயம் வாயைத் திறந்ததே தவிர, சொல் முதலே உள்ளே இருந்தது. மலைத் தோட்டத்துச் சனத்தைக் கேவலப்படுத்த எங்கள் வீட்டுக் குசினியில், கோயில் வீதியில், சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சொல்.

பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து நீங்கள் இரண்டு பேரும் பிள்ளையைப் பார்க்க வந்தீர்கள். கையில் ஒரு சீப்புக் கதலிப் பழம். விறாந்தையில் இரண்டு கதிரை வெறுமையாகக் கிடந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கம். ஊருக்கெல்லாம் ஓயாத என் வாய்க்கு, இருங்கோ என்று ஒரு சொல் வரவில்லை.

"புள்ள நல்லா இருக்கா மிஸ்?" என்றீர்கள், முற்றத்தில் நின்றபடி.

"ஓம்" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றீர்கள். பழத்தைத் திண்ணைக்குந்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். எனக்கு வெட்கம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இருக்கச் சொல்லாததும் அந்தச் சொல்லைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டு படலையைச் சாத்தியிருப்பீர்கள். நாளைக்குப் போய்ச் சொல்லுவம், நாளைக்கு என்று இருந்தேன். அதற்குள் மறுபடி இடம்பெயர்வு. நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு வவுனியா, கொழும்பு, கடைசியில் இந்தப் பனி.

உங்கள் மகள் தொலைபேசியில் அழுதழுது என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா கடைசி வரைக்கும் ஒங்க கதையத்தான் சொல்லுவாரு மிஸ். 'எத்தன பேர ஏத்துனேன், ஒரு சொட்டு சிந்தாம கொண்டு போய் சேத்தது நம்ம மிஸ்ஸத்தான்'னு சொல்லுவாரு." அந்தச் சொல்லை நீங்கள் பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை. என் மானத்தையும் சிந்தாமல் கொண்டுபோயிருக்கிறீர்கள். நான் போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

நேற்றுத் தேத்தண்ணியோடு கராஜுக்குத் திரும்பிப் போய் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லையும் சொன்னேன். அவன் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தான்.

"அவரிட்ட மன்னிப்புக் கேட்டனீங்களோ அம்மா?"

"இல்லை."

அவன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வண்டியின் இருக்கையைத் துடைத்துவிட்டு, "ஏறுங்கோ" என்றான். உறைந்த குளத்தைச் சுற்றி ஓட்டினான். கரையோரம் ஒரு கடும் வளைவு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முன்கட்டைகள் பனியைப் பிடித்துக்கொண்டு அழகாகத் திரும்பின. அந்தப் பள்ளத்துக்கு மேலே என்னோடு நீங்கள் திருப்பிக் கொண்டுபோன பிள்ளை, அண்ணை, அவன்தான் ஓட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையடியில் ஒரு கதிரையை இழுத்து வைத்தேன். இதை எழுதும்போதும் அது எனக்கு எதிரேதான் இருக்கிறது. என் கண்ணுக்கு நீங்கள் இன்னும் அந்த முற்றத்தில்தான் நிற்கிறீர்கள், கையில் பழச் சீப்போடு, நான் ஏதும் சொல்லுவேனா என்று பார்த்துக்கொண்டு.

உள்ளுக்கு வாங்கோ, அண்ணை. இருங்கோ.