நின்றபடியே வாங்கிய பரிசு

என்னங்க,

நேற்று சென்னை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். எனக்குப் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக் கிடக்கின்றன, தொட்டாலே எரிவது அதனால்தான், மனக்கோளாறு இல்லை என்று டாக்டரம்மா சோதித்துவிட்டுச் சொன்னார். தசையைத் தளர்த்தும் ஊசியும் போட்டார்.

உங்களைப் பிடிக்காமல் விலகிப் படுக்கிறேன் என்று நினைத்துத்தான் பொன்னேரியில் இருக்கும் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உட்கார்ந்தாலும் வலிதான். அதனால் கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறேன். அதைப் பார்த்துப் போன மாதம் சிறந்த தொழிலாளி என்று ஒரு குக்கர் கொடுத்தார்கள். "ஸ்டூலு இன்னாடி பாவம் பண்ணுச்சு? கொஞ்சம் ஒக்காந்துகினு செஞ்சா கம்பெனி மூழ்கிடுமா?" என்று பக்கத்தில் வேலை செய்யும் கிறிஸ்டினா கிண்டல் செய்தாள். அவளிடமும் சொல்லவில்லை. குக்கரை இன்னும் பிரிக்கவில்லை. ஒருத்திக்குச் சமைக்க அது பெரிது.

ஊசி எல்லோருக்கும் பலன் தரும் என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் தெரியுமாம். பதினெட்டாம் தேதி திரும்ப வரச் சொன்னார், முடிந்தால் கணவரோடு. அன்று காலை ஏழு மணி ரயிலில் கும்மிடிப்பூண்டியில் ஏறுவேன். பெண்கள் பெட்டியில் ஏற மாட்டேன். பொன்னேரியில் நீங்கள் ஏறுவதானால், முன்பக்கத்திலிருந்து முதல் பொதுப் பெட்டியில் இருப்பேன்.

உங்கள் மனைவி