ஜப்திப் பட்டியலில் நான்காவது வரி

நேற்று உன் மகள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் உன்னுடைய பழைய ஃபைல். "கோர்ட்டு சமாச்சாரம் எதுவா இருந்தாலும் மாமாவக் கேளுன்னு அப்பா சொல்லிக்கினே இருப்பாரு, அதான் வந்தேன்" என்றாள். ஃபைலைத் திறந்ததும் மேலாக அந்தத் தாள் இருந்தது. கார்பன் வைத்து எழுதிய நீலப் பிரதி. கீழே உன் கையெழுத்து, மற்றதெல்லாம் என் எழுத்து. படிக்காமலே தெரிந்துவிட்டது. கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லி உள்ளே எழுந்து போய்விட்டேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

நாம் பிள்ளையார்பாளையத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நீ நெய்யப் போனாய். நான் கோர்ட்டில் அமீனா ஆனேன். தீர்ப்பானதை வீடு வீடாகப் போய் நிறைவேற்றுகிற வேலை. "கல்யாணப் பத்திரிக வைக்கிறவனுக்கும் ஒனக்கும் ஒரே வேலதான்டா. யாரு வாசப்படி ஏறுனாலும் வூட்டுக்காரனுக்குச் செலவு" என்று கிண்டல் செய்வாய். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

உன் மனைவியின் ஆபரேஷனுக்காக ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் புரோ நோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினாய். அவர் வழக்குப் போட்டபோது, வாங்கினது நிஜம்தானே, போய் என்னத்தைச் சொல்வது என்று நீ கோர்ட்டுப் பக்கமே போகவில்லை. தீர்ப்பு அவர் பக்கம் ஆயிற்று. வீடோ உன் தாத்தா பெயரில் இருந்தது, நீயும் தம்பிகளும் பாகம் பிரித்துக்கொள்ளாதது. அதில் கை வைத்தால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று அவர் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யக் கேட்டார். அந்த வாரண்ட் என் கைக்கு வந்தது.

எனக்கு அப்போது ரிட்டயர் ஆக ஆறு மாதம். வேறொரு வாரண்டில் கடன்பட்டவருக்குச் சாதகமாக நடந்துகொண்டேன் என்று என் மேல் ஒரு புகார் நிலுவையில் இருந்தது. நீ என் சிநேகிதன் என்று தெரிந்தால் இன்னொரு புகார் கிளம்பும், பென்ஷனுக்கு வேட்டு வைத்துவிடுவார்கள் என்று நடுங்கினேன். இதை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஃபைனான்ஸ்காரர் பிடித்து வந்த ஆட்டோவிலேயே ஏறி உன் வீட்டு வாசலில் இறங்கினேன்.

கதவைத் திறந்ததும் "வாடா" என்று வாயெடுத்தாய். அதற்குள் நான் உன் பெயரை உன் அப்பா பெயரோடு சேர்த்துப் படித்து, "நீங்கதானா? கோர்ட்லருந்து வர்றோம்" என்றேன். முன்பின் பார்த்திராதவன் மாதிரி. நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய், அப்புறம் என் பின்னால் நின்றவரைப் பார்த்தாய். "வாங்க சார், உள்ள வாங்க" என்றாய்.

டி.வி., பீரோ, மிக்சி என்று மூன்று வரி எழுதினேன். "தறிய வுட்டுட்டீங்களே, அதான் வெல போவும்" என்றார் ஃபைனான்ஸ்காரர். கைத்தொழில் செய்கிறவனின் கருவியை ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே எனக்கு அது தெரியும். நீ நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்: "தறியையும் எழுதணுமா சார்?"

"எழுதணும்" என்றேன்.

அதற்கு மேல் நீ ஒன்றுதான் சொன்னாய். "பாவு நம்மளுது இல்ல சார், மொதலாளியோடது. அத்த மட்டும் எழுதாதீங்க." பாதி நெய்த சேலையையும், தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பட்டு நூல் பாவையும் அறுத்துப் பத்திரமாகச் சுருட்டி வைத்தாய். அடுத்தவர் பொருளுக்கு வாதாடிவிட்டு, உன் தறியைக் கழற்ற நீயே கை கொடுத்தாய். கார்பனில் பதிய வேண்டும் என்று நான் அழுத்தி அழுத்தி எழுதினேன்: கைத்தறி ஒன்று, உபகரணங்களுடன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அப்புறம் நீ வேறொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தாய். எதிர்ப்பட்டால் "நல்லா இருக்கீங்களா சார்?" என்பாய். ஒவ்வொரு 'சாரும்' எனக்குச் செருப்படி. கோபத்தில் குத்துகிறாய் என்று நினைத்து உன் தெரு வழியாகப் போவதையே விட்டேன். போன வருஷம் நீ இறந்தபோது மாலை போட்டேன், எடுக்கும் வரை நிற்காமல் நழுவி வந்துவிட்டேன்.

நேற்று உன் மகள் ஒரு பத்திர நகலை நீட்டினாள். "சித்தப்பாங்க வீட்ட விக்கப் போறாங்க மாமா. பட்டா மாத்த சும்மா ஒரு கையெழுத்துதான்றாங்க. நான் போடணுமா?" படித்துப் பார்த்தேன். விடுதலைப் பத்திரம். உன் பங்கு முழுவதையும் அவள் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. அவள் உன்னைப் போலவே நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடாதம்மா!" நான் கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். "உங்க அப்பா பாகம் ஒனக்கு வர வேண்டியதும்மா. நாளைக்கே வக்கீல்கிட்டப் போலாம், நானும் வர்றேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. அந்த நீலத் தாளை எடுத்து நான்காவது வரியைக் காட்டி, செய்ததைச் சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்கு அன்னிக்கே தெரியும் மாமா" என்றாள்.

தறியை எடுக்கக் கூடாது என்று தெரிந்த வக்கீல் ஒருவர் உன்னிடம் முன்னாடியே சொல்லியிருந்தாராம். சொல்லித் தொலைப்பதற்கு என்ன என்று உன் மனைவி சண்டை போட்டபோது நீ சொன்னாயாம்: "அவனுக்குத் தெரியாததாமா? தெரிஞ்சே எழுதறான்னா இன்னா சிக்கல்ல மாட்டிக்கினு இருக்கானோ. நாங்க சிநேகிதம்னு அந்தாளுக்குத் தெரிஞ்சா இவன் வேல போயிடும்."

ஆக அந்த 'சார்' கோபம் இல்லை. என்னைக் காப்பாற்ற நீ போட்ட வேஷம். ரிட்டயர் ஆன மறுநாளே உன் தெருவுக்கு வந்து, 'டேய்' என்று ஒரு குரல் கொடுத்து அதைக் கலைத்திருக்க வேண்டியவன் நான். நான்தான் தெருவையே மாற்றிக்கொண்டேன்.

மாதா மாதம் பென்ஷன் ஒரு குறையும் இல்லாமல் வருகிறது. பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. உன் மகளிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

தறிய எழுத வேணாம்டா.